எல்லை தாண்டி மின்சாரம் விற்க அரசு அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பக்கத்து நாட்டுக்கு மின்சாரம் விற்கிறார்களாமே, யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்பவர்கள் பலர். ஒரே கையெழுத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பில்தான் அதிகம் பேர் இதைக் கேட்கிறார்கள். உண்மையில் விற்பதற்கு ஒரு அனுமதி, கம்பி இழுப்பதற்கு வேறொரு அனுமதி, இன்றைக்கு இத்தனை மணிக்கு இத்தனை மெகாவாட் போகலாம் என்று சொல்ல மூன்றாவதாக ஒருவர். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சண்டை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அமெரிக்கா, கனடா, இந்தியா மூன்றையும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வேறு நாடுகள் தேவைப்பட்ட இடத்தில் வரும்.

மின்சாரமும் ஒரு சரக்குதானே, அதற்கு மட்டும் ஏன் தனி அனுமதி?

சரக்குதான். உலக சுங்கப் பட்டியலில் 2716 என்று அதற்கு ஓர் எண்கூட உண்டு. ஆனால் லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பிரித்துப் பார்ப்பதுபோல மின்சாரத்தை எல்லையில் நிறுத்த முடியாது. கிடங்கில் போட்டு வைத்து அப்புறம் அனுப்புகிற பொருளும் இல்லை. இந்த நொடியில் வெளியே போவதை இந்த நொடியிலேயே எங்கோ ஒரு நிலையம் உற்பத்தி செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் கிரிட்டின் (மின் நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் கம்பி வலையமைப்பின்) அதிர்வெண் இறங்கும், அதன் பாதிப்பு விற்றவருக்கு மட்டுமல்ல, அதே கிரிட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும். அதனால் சோதனையை எல்லையில் வைக்காமல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வைக்கிறார்கள்.

இது புது ஏற்பாடு இல்லை. கனடா 1907லேயே மின்சார ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. நயாகரா அருவியில் எடுக்கும் மின்சாரமெல்லாம் அக்கரைக்குப் போய்விடுமோ, நம் தொழிற்சாலைகளுக்கு மிஞ்சாதோ என்ற பயம் அப்போது இருந்தது. அமெரிக்கா 1935ல் கூட்டாட்சி மின்சாரச் சட்டத்தில், உத்தரவு வாங்காமல் யாரும் வெளிநாட்டுக்கு மின்சாரம் அனுப்பக்கூடாது என்று 202(இ) பிரிவைச் சேர்த்தது. இன்றும் அங்கே ஏற்றுமதிக்கு அடிப்படை அந்தப் பிரிவுதான்.

சரி, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

அமெரிக்காவில் எரிசக்தித் துறையிடம் (1977 வரை கூட்டாட்சி மின்சக்தி ஆணையம் பார்த்துக்கொண்டிருந்தது, அந்த ஆணையம் கலைக்கப்பட்டபோது இந்த அதிகாரம் இந்தத் துறைக்கு வந்தது). கனடாவில் கனடா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். இந்தியாவில் மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எல்லை தாண்டிய மின் வர்த்தக வழிகாட்டுதல்களின்படி, மத்திய மின்சார ஆணையத்தில் இதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி. இரண்டு அரசுகள் நேரடியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இந்த வரிசையில் வராமல் தனி வழியில் போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கதையே வேறு. உறுப்பு நாடுகளுக்கு இடையே ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போடுவதை ஒன்றிய ஒப்பந்தமே தடை செய்கிறது, அதனால் ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்கு விற்கும்போது ஒவ்வொரு விற்பனைக்கும் அரசிடம் போய் நிற்க வேண்டியதில்லை, மின் சந்தையே கம்பியில் இருக்கும் இடத்தைப் பங்கு போட்டுவிடும்.

அனுமதி கொடுப்பதற்கு முன் அரசு எதைப் பார்க்கிறது?

சட்டத்தை எழுதியிருக்கும் விதத்திலேயே அந்தந்த நாட்டின் கவலை தெரிந்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அமெரிக்கச் சட்டம் இரண்டே கேள்வி கேட்கிறது. இந்த ஏற்றுமதியால் உள்நாட்டில் மின்சாரம் பற்றாமல் போகுமா? கிரிட் வசதிகளைப் பொதுநலனுக்காக ஒருங்கிணைத்து நடத்துவதற்கு இடைஞ்சல் வருமா? இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்றால் துறை உத்தரவு கொடுத்தே ஆக வேண்டும். 'நாட்டுக்கு நன்மை என்று நிரூபி' என்று விண்ணப்பதாரரைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீமை என்று அரசு கண்டால்தான் மறுக்கலாம். இந்த ஒரு வாக்கிய அமைப்புதான் அங்கே அனுமதி பெரும்பாலும் சிக்கலில்லாமல் கிடைப்பதற்குக் காரணம்.

அதிலும் சொந்தமாக ஒரு மின் நிலையமோ சொந்த ஊர் வாடிக்கையாளரோ இல்லாத வணிக நிறுவனங்கள், அதாவது மொத்தச் சந்தையில் வாங்கி விற்கும் டிரேடர்கள், விண்ணப்பத்தில் ஏறத்தாழ ஒரே வாதத்தை வைப்பார்கள்: நாங்கள் வாங்குவது மற்றவர்கள் தங்கள் தேவை போக மிச்சம் என்று மனமுவந்து விற்றதை, எங்களை நம்பி எந்த வீடும் இல்லை, ஆகவே எங்களால் யாருக்கும் பற்றாக்குறை வராது. துறை இந்த வாதத்தைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டு வருகிறது. என்னைக் கேட்டால் இதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாக விற்பது மிச்சம்தான், எல்லோரும் ஒரே கடும் குளிர் நாளில் விற்றால் அது மிச்சமாகவே இருக்குமா? அதற்கு அனுமதிச் சட்டத்தில் பதில் இல்லை, அந்த நேரத்தில் கிரிட்டை நடத்துபவர் ஏற்றுமதியை வெட்டலாம் என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது.

கனடா இன்னொரு கேள்வியும் சேர்க்கிறது. வெளியே விற்கப் போவதை முதலில் உள்நாட்டில் வாங்க விருப்பம் தெரிவித்தவர்களிடம் சொன்னீர்களா, வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் அதே சாதகமான நிபந்தனையில் அவர்களுக்கும் வாய்ப்பு கொடுத்தீர்களா என்று. ஏற்றுமதியையே தடுக்காமல், 'நம் ஆளை முதலில் கேள்' என்கிற ஏற்பாடு.

இந்தியாவின் கவலை எரிபொருள். விற்கும் நிறுவனத்திடம் உபரி இருக்கிறது என்ற சான்று வேண்டும். அனல் மின்சாரம் என்றால் அது எந்த நிலக்கரியில் தயாரானது என்பதும் முக்கியம். இறக்குமதி செய்தது, ஸ்பாட் இணையவழி ஏலத்தில் எடுத்தது, வணிகச் சுரங்கத்திலிருந்து வாங்கியது, இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். உள்நாட்டு நுகர்வோருக்காக ஒதுக்கப்பட்ட நிலக்கரியை எரித்து வெளியே விற்று லாபம் பார்க்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

விண்ணப்பத்தில் என்னென்ன இருக்கும்? எவ்வளவு நாளாகும்?

அமெரிக்க விண்ணப்பம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது. ஏற்றுமதி தொடங்க நினைக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்க வேண்டும், கட்டணம் 500 டாலர். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், எந்த மாநிலத்தில் பதிவு, எந்தெந்த எல்லை மின்பாதைகள் வழியாக அனுப்பப் போகிறது, வரைபடம், ஒப்பந்த நகல் இருந்தால் அது, இவற்றோடு 'இந்த ஏற்றுமதி செய்ய இந்த நிறுவனத்துக்கு அதன் அமைப்பு விதிகளின்படி அதிகாரம் இருக்கிறது' என்று ஒரு வழக்கறிஞரின் கருத்துரை. விண்ணப்பதாரர் வெளிநாட்டு நிறுவனம் என்றால், அமெரிக்காவில் தன் சார்பில் நோட்டீஸ் வாங்க ஒருவருக்குத் திரும்பப் பெற முடியாத அதிகாரப் பத்திரமும் தர வேண்டும்.

பிறகு அரசிதழில் அறிவிப்பு வரும், 30 நாள் வரை யார் வேண்டுமானாலும் கருத்தோ எதிர்ப்போ எழுதலாம். இருக்கிற கம்பியிலேயே அனுப்புவதாக இருந்தால் சுற்றுச்சூழல் ஆய்வு பெரிதாக இருக்காது. உத்தரவு வழக்கமாக ஐந்து ஆண்டுக்கு வரும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். கனடாவில் உச்ச வரம்பு 30 ஆண்டு. வாங்கிய உத்தரவை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட முடியாது.

அனுமதி கிடைத்துவிட்டால் எந்தக் கம்பியில் வேண்டுமானாலும் அனுப்பலாமா?

முடியாது. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். டிரைவிங் லைசென்ஸ் கையில் இருப்பதால் சாலை உங்களுடையது ஆகிவிடாது, அதுபோலத்தான்.

அமெரிக்காவில் எல்லையைத் தாண்டும் மின்பாதையைக் கட்டவோ இணைக்கவோ இயக்கவோ அதிபர் அனுமதி என்ற தனி உத்தரவு வேண்டும். 1953ல் வந்த நிர்வாக ஆணை, 1978ல் திருத்தப்பட்டது. இதற்கு வெளியுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் சம்மதிக்க வேண்டும். விற்பனை அனுமதிக்கு அவர்கள் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் இழுப்பதும், ஊர்க்காரர்கள் எதிர்ப்பதும், சுற்றுச்சூழல் அறிக்கை தடித்துக்கொண்டே போவதும் இந்தப் பாதை அனுமதியில்தான்.

பாதை இருந்தாலும் அதன் கொள்ளளவுக்கு மேல் அனுப்ப முடியாது, அதில் இடம் பிடிக்க முன்பதிவு செய்ய வேண்டும், கடைசியாகக் கட்டுப்பாட்டு அறையில் ஷெட்யூல், அதாவது எத்தனை மணிக்கு எத்தனை மெகாவாட் என்ற அட்டவணை, ஏற வேண்டும். இந்தியாவில் அந்தக் கடைசி வேலை தேசிய மின்சுமை அனுப்பீட்டு மையத்துடையது. கூடவே, கணக்கு வழக்கு தீர்க்க நாட்டுக்கு ஒரு செட்டில்மென்ட் முகமையும் உண்டு. நேபாளம், பூடான், வங்கதேசம், மியான்மர் நான்குக்கும் இந்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யின் துணை நிறுவனம் வித்யுத் வியாபார் நிகம் அதைச் செய்கிறது.

இரண்டு கிரிட்டும் ஒரே தாளத்தில் ஓடாவிட்டால் நேரடியாகக் கம்பியைக் கோர்க்கவும் முடியாது. மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்குப் போகும் பாதையில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மறுபடி மாறுமின்னோட்டமாக்கும் நிலையம் பேராமாரா முனையில் இருக்கிறது. 2013ல் 500 மெகாவாட்டில் தொடங்கி, பிறகு இன்னொரு 500 சேர்த்தார்கள். அந்த நிலையத்தின் திறன்தான் அந்த வழியின் உச்ச வரம்பு, அனுமதிக் காகிதத்தில் எவ்வளவு எழுதினாலும் சரி.

வாங்குவதற்கும் அனுமதி வேண்டுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சார இறக்குமதிக்கு இப்படி ஓர் உத்தரவு தேவையில்லை, வெளியே போவதுதான் அவர்கள் கவலை. இந்தியா இறக்குமதியையும் பார்க்கிறது, ரொம்பவே உற்றுப் பார்க்கிறது. நேபாளத்தின் நீர்மின் நிலையங்கள் இந்தியச் சந்தையில் விற்க வேண்டும் என்றால் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் வேண்டும். 2021 நவம்பரில் முதன்முதலாக இந்திய மின்சந்தையில் விற்க ஒப்புதல் கிடைத்தது திரிசூலி, தேவிகாட் என்ற இரண்டு நிலையங்களுக்கு, இரண்டும் சேர்த்தே 39 மெகாவாட்தான். இரண்டுமே இந்திய உதவியில் கட்டியவை. சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ சம்பந்தப்பட்ட நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. இந்தியாவோடு நில எல்லை உள்ள, ஆனால் மின்துறை ஒத்துழைப்பு ஒப்பந்தம் இல்லாத மூன்றாவது நாட்டின் உடைமை இருக்கிறதா என்று வழிகாட்டுதல் கேட்பது இதற்காகத்தான். மின்சாரத்தின் பெயரில் வெளியுறவுக் கொள்கை பேசுகிறது, வேறென்ன.

நடுவில் இன்னொரு நாடு இருந்தால்?

மூன்று நாடும் சம்மதிக்க வேண்டும். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையே குறுகலான இந்திய நிலப்பகுதிதான், ஆனாலும் 40 மெகாவாட் அனுப்புவதற்கு 2024 அக்டோபர் 3ஆம் தேதி காட்மாண்டுவில் மூன்று தரப்பு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது: நேபாள மின்சார ஆணையம், வங்கதேச மின்சக்தி மேம்பாட்டு வாரியம், முன்பு சொன்ன இந்திய நிகம். மின்சாரம் நேபாளத்தின் தல்கேபரிலிருந்து பீகாரின் முசாபர்பூருக்கு வந்து, இந்திய கிரிட்டுக்குள் பயணம் செய்து, பஹரம்பூர் வழியாக பேராமாராவுக்குப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஒப்பந்தப்படி விற்பனை ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை, மழைக்காலத்தில் நேபாள ஆறுகளில் தண்ணீர் நிறைய ஓடும் மாதங்கள். முதல் ஆண்டு எல்லா வேலையும் முடிந்து மின்சாரம் கிளம்பியது நவம்பர் 15 அன்று. ஆகவே அந்த ஆண்டு முழுக்க ஒரே நாள் விற்பனை. அடுத்து 2025 ஜூனில்தான் மறுபடி தொடங்கியது. அதே நேபாளம் குளிர்காலத்தில் இந்தியாவிடமிருந்து வாங்குகிற நாடாக மாறிவிடும்.

தென்கிழக்கு ஆசியாவிலும் இப்படி ஒன்று நடந்தது. லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக சிங்கப்பூருக்கு 2022 ஜூனிலிருந்து, 100 மெகாவாட் வரை.

வாங்கும் நாடு பணம் தராவிட்டால்? அனுமதி என்ன ஆகும்?

அனுமதி அப்படியே இருக்கும், பணத்தை வசூலித்துக் கொடுப்பது அதன் வேலையில்லை. ஆனால் ஒரு நிலையம் முழுவதையும் ஒரே வெளிநாட்டு வாங்குபவருக்காகக் கட்டியிருந்தால் சிக்கல் பெரிது.

ஜார்க்கண்டின் கோட்டாவில் உள்ள அதானி அனல் மின் நிலையம் 1600 மெகாவாட். இறக்குமதி நிலக்கரியில் ஓடுகிறது, 2017ல் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தப்படி முழு உற்பத்தியும் வங்கதேசத்துக்கு. 2023ல் விற்பனை தொடங்கியது. நிலையம் இந்தியாவில் நின்றாலும் அதன் கம்பி நேராக எல்லை தாண்டிப் போனது, இந்திய கிரிட்டில் இணைப்பு இல்லை. 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி டாக்காவில் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகினார். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 12 அன்று, இந்திய மின்துறை அமைச்சகம் வழிகாட்டுதலைத் திருத்தியது: இப்படி வெளிநாட்டுக்கென்றே இருக்கும் நிலையத்திடமிருந்து வாங்குபவர் நீண்ட நாள் மின்சாரம் எடுக்காமல் இருந்தாலோ, பணம் தரத் தவறினாலோ, அதை இந்திய கிரிட்டில் இணைத்து உள்நாட்டில் விற்க அனுமதிக்கலாம் என்று. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் பாக்கித் தகராறில் வங்கதேசத்துக்கான வரத்து பாதியானது.

திருத்தம் ஒரு நிறுவனத்துக்காகவா, பொதுவானதா என்று அப்போது நிறைய வாக்குவாதம் நடந்தது. பொதுவான மொழியில்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்த மொழிக்குள் அடங்கும் நிலையங்களை விரல் விட்டு எண்ணக்கூட வேண்டியதில்லை. அது இருக்கட்டும், திருத்தம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். நம் மண்ணில் நிற்கும் ஒரு நிலையம் அண்டை நாட்டு அரசியலால் சும்மா கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை. முதலிலேயே அந்த இணைப்பு வழியை யோசிக்காமல் கட்ட விட்டதுதான் கேள்விக்குரியது.

கொடுத்த அனுமதியை அரசு நடுவில் நிறுத்தலாமா?

நிறுத்தலாம். உக்ரைன் 2022 மார்ச்சில் ஐரோப்பிய கிரிட்டோடு இணைந்தது, கோடையில் ஏற்றுமதியையும் ஆரம்பித்தது, அக்டோபரில் ஏவுகணைகள் மின் நிலையங்களைத் தாக்கியதும் ஏற்றுமதியை மொத்தமாக நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மீண்டும் திறந்தது. போர் இல்லாத சாதாரண நாட்களில் நிறுத்தம் அரசாணையாக வருவது குறைவு, கட்டுப்பாட்டு அறையில் ஷெட்யூலை வெட்டுவதாகத்தான் வரும், அதற்கு அனுமதி உத்தரவிலேயே இடம் விட்டிருப்பார்கள்.

நிறுத்தாமல் மேலே வரி போட்டால்?

2025 மார்ச்சில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைத்தான் செய்தது. அமெரிக்க வரிகளுக்குப் பதிலடியாக மிச்சிகன், நியூயார்க், மினசோட்டா மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். அறிவித்து அமலான மறுநாளே நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏற்றுமதி அனுமதி கொடுப்பது கனடாவின் கூட்டாட்சி அமைப்பு, கட்டணத்தை வைத்து விளையாடியது மாகாணம். யார் கையில் எது இருக்கிறது என்பதை அனுமதிக் காகிதத்தைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

நாம் விற்கும் மின்சாரம்தான் அங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. மின்சாரம் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போவதில்லை, தடை குறைந்த எல்லாப் பாதையிலும் பிரிந்து ஓடும். அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியைச் சுற்றியுள்ள கிரிட்டுகளில் யாரும் விற்காத மின்சாரம்கூட எல்லையைத் தாண்டிச் சுற்றி வருவது பழைய தலைவலி. அனுமதி என்பது ஷெட்யூல் செய்த அளவுக்குத்தான், இந்தச் சுற்றலுக்கு இல்லை. இந்த ஷெட்யூலுக்கும் மீட்டர் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தனிக் கணக்கு, தனிக் கட்டணம்.

என் வீட்டுக் கூரை சோலார் மின்சாரத்தைப் பக்கத்து நாட்டுக்கு விற்கலாமா?

முடியாது. உள்ளூர் மின்வாரியம் எடுத்துக்கொண்டால் சரி.

அனுமதி வாங்கிவிட்டு ஒரு யூனிட்கூட அனுப்பாமல் இருக்கலாமா?

தாராளமாக. அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் விலை ஏறுகிற நாளுக்காகக் காத்திருப்பதும் வணிகம்தான், 500 டாலர் அதற்கு ஒரு பெரிய தொகையும் இல்லை. ஆனால் அறிக்கையிலிருந்து தப்ப முடியாது. அமெரிக்க உத்தரவு பெற்றவர்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் காலாண்டுக்கு ஒருமுறை எரிசக்தித் தகவல் நிர்வாகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். எதுவுமே விற்கவில்லை என்றால் நீட்டி எழுத வேண்டியதில்லை, 'இந்தக் காலாண்டில் நடவடிக்கை எதுவும் இல்லை' என்று ஒரு வரி போதும்.